இரண்டு பக்கமும் ஒரே தாளில்

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். முதலெழுத்துகள் உட்பட, ஒரு புள்ளி பிசகாமல், ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறேன். அந்த ஒரு தடவை எழுதியதே போதும் என்பதால் இங்கே எழுதப்போவதில்லை. பெண்கள் அவரை ‘மிஸ்’ என்பார்கள். ஆண்கள் வைத்திருந்த பட்டப்பெயர்களை எழுதினால் என் தங்கச்சி இந்தத் தாளைக் கிழித்துப் போடுவாள். இது அவளுடைய கதையும்தான். வாசித்துக் காட்டி, சம்மதம் கேட்டுத்தான் எழுதுகிறேன். இரண்டு இடங்களை வெட்டச் சொன்னாள். வெட்டிவிட்டேன்.

மிஸ் என்றதும் தாதி என்று நினைக்க வேண்டாம். புத்தளம் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் அற்றெண்டன். எந்த ஆஸ்பத்திரி என்பது இப்போது யாருக்கும் தேவையில்லை. அங்கே கிழமைக்கு ஒருநாள் மனநலக் கிளினிக் நடக்கும். இலக்கத் துண்டு கொடுப்பது, கதவடியில் நிற்பது, டொக்டருக்குத் தமிழ் விளங்காதபோது சிங்களத்தில் சொல்வது, இவ்வளவும் மிஸ்ஸின் வேலை. கடைசி வேலையை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை, அவராக எடுத்துக்கொண்டது. டொக்டர் ஒரு சிங்களப் பெண். நல்ல மனுஷி. தமிழில் ‘சாப்பாடு?’, ‘நித்திரை?’ என்ற இரண்டு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளியவர். கற்பிட்டியில் பிறந்து வளர்ந்த மிஸ்ஸுக்கு இரண்டு பாஷையும் தண்ணீர் பட்ட பாடு.

ஐம்பது வயதிருக்கும். கட்டையான உடம்பு, வெள்ளை முக்காடு. மணிக்கூட்டை உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார், நேரம் பார்ப்பது மற்றவருக்குத் தெரியாது. சிரிக்கமாட்டார். அழுகிற பெண்ணைத் தட்டிக்கொடுக்கிற பழக்கமும் கிடையாது. “அழுறத வீட்ட வச்சிக்கலாம் மக. இங்க நேரமில்ல, சொல்ல இரிக்கிறதச் சொல்லுங்க” என்பார். இரக்கம் என்றால் இனிப்பாக இருக்கும் என்று நம்புகிறவர்களுக்கு மிஸ்ஸைப் பிடிக்காது. எனக்கும் பிடிக்கவில்லை.

அவரிடம் ஒரு வசனம் இருந்தது. மனைவியையோ மகளையோ கூட்டிக்கொண்டு வந்த ஆம்பிளை டொக்டருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் அது வரும்.

“மகன், ஐசி கொப்பி ஒண்டு வேணும். ரெண்டு பக்கமும் ஒரே தாள்ல. போய் அடிச்சிட்டு வாங்க.”

ஐசி என்றால் அடையாள அட்டை. மனநலக் கிளினிக்குக்கு அது எதற்கு என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டோம். தொண்ணூறில் புலிகள் விரட்ட, மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்து சேர்ந்த சனம் நாங்கள். அதற்குப் பிறகு இருபது வருஷமாகப் போட்டோகொப்பியில்தான் சீவித்தோம். கூப்பனுக்குக் கொப்பி, வாக்காளர் இடாப்புக்குக் கொப்பி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கொப்பி, நாங்கள் அகதிதான் என்று நிரூபிக்கவும் கொப்பி. நாங்கள் வந்து குடியிருந்த தில்லையடியில் எந்த வீட்டு அலுமாரியைத் திறந்தாலும் உடுப்புக்கு மேலே ஒரு ஃபைல் இருக்கும். எங்களிடம் கொப்பி கேட்டால் ‘ஏன்’ என்று வாய் வராது, ‘எத்தனை’ என்றுதான் வரும்.

நான் அதிலும் ஒருபடி மேல். கச்சேரி என்கிற மாவட்டச் செயலக வாசலில் மேசை போட்டுப் பெட்டிசம் எழுதுகிறவன். தமிழில் அழுதுகொண்டு வருகிறவனின் கதையைச் சிங்களத்தில் மரியாதையாக எழுதிக் கொடுப்பது என் தொழில். அடுத்தவன் வாயாக இருந்து சோறு தின்றவன் என்று சொல்லலாம். ஊரில் எந்தக் குடும்பத்தில் ஆஸ்பத்திரி, பொலிஸ், வழக்கு, கோடு என்று அலைச்சல் வந்தாலும் என்னைத்தான் கூட்டிப் போவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. கொஞ்சம் என்று எழுதியதைக் கேட்டுத் தங்கச்சி சிரித்தாள்.

அவளுக்கு நோய் வருத்தம் தொடங்கியது யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருஷத்தில். ஊருக்குத் திரும்பிப் போகலாம் என்று எல்லாரும் கிளம்பிய காலம். மச்சான், அதாவது அவளுடைய கணவர், முதலே போய் மன்னார்ப் பக்கத்தில் காடு மூடிக்கிடந்த காணியை வெட்டித் துப்பரவாக்கி, தகரம் போட்டு ஒரு கொட்டில் அடித்தார். மாதத்துக்கு இரண்டு தரம் வந்து போவார். தங்கச்சி இரண்டு பெண்பிள்ளைகளோடு தில்லையடியில் இருந்தாள். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்ததும் லொறி பிடித்துச் சாமானோடு போவது என்று தீர்மானம். தீர்மானித்தது நானும் மச்சானும் மச்சானுடைய வாப்பாவும். மீள்குடியேற்றப் படிவத்தை நிரப்பியது நான். ‘இங்க ஒரு கையொப்பம் வை’ என்று காட்டிய இடத்தில் அவள் வைத்தாள்.

பிறகு அவளுக்கு நித்திரை போயிற்று. அடுத்ததாகப் பேச்சுப் போயிற்று. பிள்ளைகளின் உடுப்பை மடித்துப் பையில் வைப்பாள், அசர் தொழுகைக்குப் பிறகு எல்லாவற்றையும் வெளியே எடுத்து அலுமாரியில் வைப்பாள், அடுத்தநாளும் அதே வேலை. அடுப்பில் சோறு கரியும், பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள். உம்மா ஒரு ஹஸரத்திடம் கூட்டிப்போய் ஓதிப் பார்த்தார். ஓதிய தண்ணீர் வந்தது, கையில் நூல் வந்தது, பேச்சு வரவில்லை. பக்கத்து வீடுகளில் ஜின் என்றார்கள். “புருஷன் பக்கத்துல இல்லாத பொம்புளைக்கு இப்படித்தான் வரும், கொண்டுபோய் அவருட்ட உட்டாச் சரியாப் போகும்” என்றார் உம்மா. எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. போகிற இடத்தில் ஆஸ்பத்திரி கிட்ட இல்லை, அதற்குள் மருந்து எடுத்துத் தேற்றிவிட வேண்டும் என்றுதான் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அக்கம்பக்கத்தில் ‘பிரஷர் கிளினிக்’ என்று சொன்னோம். மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது. தாய்க்கு இப்படி என்று கதை பரவினால் நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் வாசல்படி மிதிப்பார்களா?

முதல் நாள் டொக்டர் தங்கச்சியைப் பார்த்து “நித்திரை?” என்றார். இல்லை என்று நான் சிங்களத்தில் சொன்னேன். “சாப்பாடு?” குறைவு என்று நான் சொன்னேன். எதனால் என்று டொக்டர் சிங்களத்தில் கேட்டார். கணவர் தூரத்தில் இருப்பதால் மனம் சோர்ந்திருக்கிறாள், சீக்கிரத்தில் அவரோடு போய்ச் சேர்ந்துவிடுவாள் என்று நான் அழகான சிங்களத்தில் விளக்கினேன். டொக்டர் தங்கச்சியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் பின்னாலிருந்து அந்த வசனம் வந்தது.

ஆஸ்பத்திரிக் கேட்டுக்கு எதிரிலேயே போட்டோகொப்பிக் கடை. ஓட்டமாகப் போய் ஓட்டமாக வந்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. தங்கச்சி குனிந்த தலை நிமிராமல் இருந்தாள். மிஸ் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “கெட்டிக்காரன்தான்” என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கடைக்காரனுக்கு என்னைப் பார்த்ததுமே தெரிந்திருந்தது. “கிளினிக் மிஸ் அனுப்பினாவா? ரெண்டு பக்கமும் ஒரே தாள்லயா?” என்று கேட்டான். அவனுக்குக் கிளினிக் நாள் பெருநாள் மாதிரி.

மற்றவர்களை அவர் எப்படி வெளியே எடுத்தார் என்பதை வாங்குப் பலகையில் காத்திருந்த நேரங்களில் பார்த்திருக்கிறேன், பார்த்ததன் அர்த்தம்தான் அப்போது விளங்கவில்லை. மாமிமாருக்குக் கொப்பி சரிவராது, அவர்கள் ஐசியை வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள். மருமகளோடு வந்து, மருமகளுக்கு முதல் வாயைத் திறக்கிற மாமியை மிஸ் நின்று பார்ப்பார். “என்ன உம்மா, முகமெல்லாம் வாடிப்போயிரிக்கி? பிரஷர் பாத்தீங்களா?” என்பார். கையைப் பிடித்து அடுத்த அறைக்குக் கூட்டிப்போவார். பிரஷர், சீனி, நிறை, எல்லாம் பார்த்து முடிய அரை மணித்தியாலம். தன்னையும் ஒருவர் கவனித்துவிட்டார் என்ற சந்தோஷத்தில் மாமி மருமகளை மறந்துபோவார்.

நுரைச்சோலைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் அசையவில்லை. “மஹ்ரம் இல்லாம பொம்புளைய உட்டுட்டுப் போக ஏலாது” என்றார். மஹ்ரம் என்றால் பெண்ணுக்குத் துணை நிற்கத் தகுந்த நெருங்கிய ஆண் உறவு. சட்டம் தெரிந்த மனுஷர் போல. மிஸ் குரலை உயர்த்தவில்லை.

“டொக்டரும் பொம்புள. நானும் பொம்புள. நடுவுல இருக்கிறதும் பொம்புள. ஆம்பிள எண்டு இங்க இருக்கிறது நீங்க ஒராள்தான். ஆருக்கு மகன் இப்ப மஹ்ரம் வேணும்?”

வாங்கில் இருந்த பெண்கள் முகத்திரைக்குள் சிரித்தது தோளில் தெரிந்தது. அந்த மனுஷர் எழுந்து கொப்பி அடிக்கப் போனார்.

ஓதிப் பார்ப்பதை அவர் ஒருநாளும் இளக்காரமாகப் பேசியதில்லை, அதையும் சொல்லவேண்டும். “ஓதின தண்ணியும் குடிங்க, குளிசையும் போடுங்க. ரெண்டும் வயித்துக்குள்ள சண்டை பிடிக்காது” என்பார். ஆனால் ஒருதரம் ஒரு வாலிபனை அவனுடைய தாயும் மனைவியுமாகத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்ததைப் பார்த்து என் காதுபடவே சொன்னார், “ஆம்பிளைக்கு வந்தா வருத்தம், பொம்புளைக்கு வந்தா ஜின்னு. அவன் கெடந்து எழும்பலாம், இவ சோறாக்கினாத்தான் சுகம் எண்டு எழுதுவாங்க.” என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சுட்டது. அதற்கு முந்தைய நிமிஷம்தான் நான் பக்கத்தில் இருந்தவரிடம், தங்கச்சி நேற்று மீன் ஆணம் காய்ச்சினாள், தேறி வருகிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் முறை நான் ஆயத்தமாகப் போனேன். ஃபைலில் நாலு கொப்பி, இரண்டு பக்கமும், ஒரே தாளில். மிஸ் வாயைத் திறக்க முதல் நீட்டினேன். வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

“முகம் கறுப்பா விழுந்திரிக்கி. இது நீங்களா, ஒங்கட வாப்பாவா?”

“மிஸ், இது கச்சேரியிலயே எடுத்துக்கொள்ற கொப்பி.”

“கச்சேரியில எடுப்பாங்க. இங்க மெசின்ல போட்டா விழாது. பஸ் ஸ்டாண்டுக்கிட்ட புத்தகக் கடையில புது மெசின் இரிக்கி, அங்க அடிங்க.”

என்ன மெசின் என்று நான் கேட்கவில்லை. கால் மணித்தியாலம் போக, கால் மணித்தியாலம் வர. திரும்பி வந்தபோது தங்கச்சியின் கண் சிவந்திருந்தது. மேசையில் ஒரு தண்ணீர்க் கோப்பை. டொக்டர் குளிசை எழுதினார். போகிற வழியில் ‘என்ன கதைச்ச?’ என்று கேட்டேன். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

எந்தக் கடை எத்தனை நிமிஷம், எந்தக் கடையில் மின்சாரம் போகும், எது லுஹர் தொழுகைக்குச் சாத்தும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பெண்ணின் முகத்தைப் பார்த்துத்தான் கடையைத் தெரிவு செய்திருக்கிறார். எனக்கு இது பிறகுதான் விளங்கியது.

மூன்றாம் முறை போனபோது லொறிக்கு எட்டு நாள் இருந்தது. அன்றைக்குக் கொப்பியில் ஜீ.எஸ் கையொப்பம் வேண்டும் என்றார் மிஸ். கிராம சேவகரைத் தேடிப் பிடித்து, முத்திரை குத்தி வாங்கிவர ஒன்றரை மணித்தியாலம். வந்து பார்த்தால் டொக்டர் எழுதி முடித்து வைத்திருக்கிறார். வார்ட்டில் இரண்டு கிழமை வைத்துப் பார்க்க வேண்டும், இந்த நிலைமையில் இவரை வேறு ஊருக்குக் கொண்டுபோகக் கூடாது, போக இவருக்கு விருப்பமும் இல்லை, என்று சிங்களத்தில் சொன்னார்.

விருப்பம் இல்லையா? என்னிடம் சொல்லாத ஒன்றை, உம்மாவிடம் சொல்லாத ஒன்றை, பாஷை தெரியாத டொக்டரிடம் எப்படிச் சொன்னாள்? வெளியே வந்து மிஸ்ஸைப் பிடித்தேன்.

“நீங்கதான் சொல்லிக் குடுத்திருக்கிறீங்க.”

“நான் ஒண்டும் சொல்லிக் குடுக்கல்ல. அவ சொன்னத டொக்டருட்ட சொன்னேன். அது மட்டுந்தான்.”

“என்ன சொன்னா?”

“அவட்டக் கேளுங்க.”

“நான் அவட கூடப்பிறந்த நானா!”

“ஓம். அதான் அவட்டக் கேளுங்க எண்டு சொல்றேன்.”

நான் கேட்கவில்லை. வீட்டில் ஊர்வலம் மாதிரிச் சனம் சேர்ந்தது. பைத்திய வார்ட்டில் இரண்டு கிழமை படுத்த பொம்பிளையை நாளைக்கு யார் மதிப்பார், பிள்ளைகளை யார் பார்ப்பது, மச்சானின் குடும்பம் என்ன சொல்லும் என்று உம்மா அழுதார். மச்சானுடைய வாப்பா, ‘ஏலாட்டி ஏலாதெண்டு சொல்லுங்க, நாங்க வேற யோசிக்கிறோம்’ என்றார். ‘வேற’ என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். மகனுக்கு இன்னொரு கலியாணம். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து, சொந்தப் பொறுப்பில் கொண்டுபோகிறோம் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தேன். லொறி சொன்ன நாளிலேயே போனது. தங்கச்சி முன்சீட்டில் இருந்தாள். சின்னவள் மடியில் இருந்தாள். தங்கச்சி திரும்பிப் பார்க்கவில்லை.

அதோடு நின்றிருக்கலாம். என் கோபம் நிற்கவிடவில்லை. கச்சேரி வாசலில், என் மேசையில், என்னுடைய மிகச் சிறந்த சிங்களத்தில் ஒரு முறைப்பாடு எழுதினேன். இன்ன பெயருடைய அற்றெண்டன், எந்தச் சுற்றறிக்கையும் இல்லாமல், கூட வருகிறவர்களிடம் அடையாள அட்டைப் பிரதிகளைக் கட்டாயப்படுத்தி வாங்கி அலைக்கழிக்கிறார் என்று. எழுதும்போதே எனக்குத் தெரியும், இது எடுபடும். மற்றவர்களுக்காக எழுதி எடுபடாமல் போன எத்தனையோ பெட்டிசத்துக்கு நடுவில் இது ஒன்று எடுபட்டது.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். டொக்டர் அப்போது லீவில் இருந்தார். நிர்வாக உத்தியோகத்தர் ஒருவரும் இன்னும் இரண்டு பேரும். கிளினிக் அறை மேசையின் லாச்சியைக் கழற்றிக்கொண்டு வந்து மேசையில் கவிழ்த்தார்கள். நூற்றுக்கணக்கில் தாள். தாடி வைத்தவர், தொப்பி போட்டவர், வழுக்கை, வாலிபன், எல்லா முகமும் கறுப்பாக விழுந்து கிடந்தது. என் முகம் மூன்று இடத்தில் இருந்தது.

குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. அதில் ஒரு பெண்ணின் ஐசிகூட இல்லை. கிளினிக்குக்கு வந்த நோயாளிகளில் எத்தனையோ பேர் பெண்கள். கொப்பி முழுவதும் ஆண்கள். பத்திரம் பார்த்துப் பிழைக்கிற எனக்கு, நோயாளியை விட்டுவிட்டுக் கூட வந்தவனின் ஐசியை ஏன் கேட்கிறார்கள் என்று மூன்று தரமும் தோன்றவில்லை. தலை நிமிர்ந்தேன். மிஸ் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விளங்கிக்கொண்டேன் என்று அவரும் விளங்கிக்கொண்டார்.

உத்தியோகத்தர் ஏன் வாங்கினாய் என்று கேட்டார். மிஸ் உண்மையைச் சொல்லியிருந்தால் அவருக்காகப் பேச டொக்டர் இருந்தார், லீவு முடிந்து வந்து சொல்லியிருப்பார். ஆனால் சொன்னால் அது அன்றைக்கே ஊருக்குள் போகும். பிறகு ஒரு ஆம்பிளையும் எந்தக் கிளினிக்கிலும் கதிரையை விட்டு எழும்பமாட்டான். மிஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்று சிங்களத்தில் சொன்னார், “எனக்குப் படிப்புக் குறைவு, சேர். வேணும் எண்டு நெனச்சிட்டேன். பிழைதான்.”

உத்தியோகத்தர் சிரித்தார். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். முறைப்பாட்டுக்காரர் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார்கள். இல்லை என்றேன். அவருடைய இரகசியத்தைக் காப்பாற்றத்தான் வாயை மூடினேன் என்று பல வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். வெட்கத்தில் மூடினேன். அவரைக் கிளினிக்கிலிருந்து எடுத்து, விரிப்புகள் துவைத்து மடிக்கிற பகுதிக்குப் போட்டார்கள். இனிக் கிளினிக்குப் பக்கம் போகக்கூடாது என்றும் எழுத்தில் கொடுத்தார்கள்.

நாலு மாதத்தில் மச்சான் தங்கச்சியைத் திருப்பிக் கொண்டுவந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கியபோது அவள் உடம்பில் அபாயா கொடியில் காயப்போட்டது போலத் தொங்கியது. ஒரு கையை மூத்தவள் பிடித்திருந்தாள், மற்றக் கையை மச்சான். அந்த மனுஷரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் முகமும் உருக்குலைந்துதான் இருந்தது. “நாலு நாளா தண்ணியும் உள்ளுக்குப் போகல்ல. என்ன செய்ற எண்டு வெளங்குதில்ல” என்றார். வாப்பா சொன்ன ‘வேற’ யோசனையையும் அவர் கேட்கவில்லை.

அடுத்த நாளே கிளினிக். இலக்கத் துண்டு கொடுக்கத் தமிழ் தெரியாத ஒரு புது ஆள். ஒருவரையும் வெளியே அனுப்பவில்லை. டொக்டருக்கு முன்னால் நாங்கள் மூன்று பேரும் வரிசையாகக் கதிரையில் இருந்தோம். டொக்டர் தங்கச்சியைக் கண்டதும் பேனையை வைத்துவிட்டார். “நித்திரை?” என்றார். நான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. மச்சானைப் பார்த்தேன். “கண்ண மூடிக்கொண்டுதான் கெடக்கிறா” என்றார் மச்சான். அதை நான் சிங்களத்தில் சொன்னேன். தங்கச்சி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பொம்பிளையின் நித்திரையைப் பற்றி இரண்டு ஆம்பிளைகள் இரண்டு பாஷையில் கதைத்துக்கொண்டிருந்தோம்.

“வாங்க மச்சான், வெளிய நிப்பம்” என்று அவரை எழுப்பினேன்.

வெளியே நின்று இரண்டு நிமிஷம் ஆகவில்லை, டொக்டர் கதவைத் திறந்தார். கையை விரித்தார். அவருக்குத் தமிழ் இல்லை, தங்கச்சிக்குச் சிங்களம் இல்லை. நான் போய்ப் பெரிய மனதோடு வெளியே நின்றதால் ஒரு பிரயோசனமும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தேடிப் போனேன். மிஸ் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் கை நிற்கவில்லை.

“மிஸ், தங்கச்சி வந்திரிக்கிறா.”

“எப்படி இரிக்கிறா?”

“தெரியாது மிஸ்.”

கை நின்றது. நிமிர்ந்து பார்த்தார். “தெரியாதா?”

“தெரியாது. ஒண்டும் தெரியாது. நீங்க வரணும்.”

“எனக்கு அங்க வரக்கூடாதெண்டு ஓடர் இரிக்கி மகன்.”

“நான் எழுதினதாலதான்.”

“ஓம். எனக்கு வாசிச்சிக் காட்டினாங்க. நல்ல சிங்களம்.”

அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை, அதனால்தான் இன்றைக்கும் வலிக்கிறது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்கு நேரம் தரவில்லை. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

“பன்னெண்டரைக்கு எனக்குச் சாப்பாட்டு நேரம். அந்த நேரம் நான் எங்க போனாலும் ஒருத்தரும் கேக்க ஏலாது. டொக்டரை இருக்கச் சொல்லுங்க.”

பன்னிரண்டரைக்கு வந்தார். சாப்பிடாமல் வந்தார் என்பது தெரிந்தது. கிளினிக் கதவடியில் நானும் மச்சானும் நின்றோம். மச்சான் அவருக்குப் பின்னாலேயே உள்ளே காலடி எடுத்து வைத்தார். என் கை தன்பாட்டில் ஐசி இருந்த சட்டைப்பைக்குப் போனது.

மிஸ் திரும்பினார். “கொப்பி ஒண்டும் வேணாம்” என்றார். “ரெண்டு பேரும் வெளிய போங்க.”

“நான் புருஷன்” என்றார் மச்சான்.

“தெரியும் மகன். வெளிய போங்க.”

அவர் ஒரு ஆம்பிளையைப் பார்த்து அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை. கதவு சாத்தியது. உள்ளே மிஸ்ஸின் குரல், தங்கச்சியின் பெயரைச் சொல்லி ஏதோ கேட்டது. பிறகு நாலு மாதமாக, இல்லை, அதற்கும் முதலிருந்து நாங்கள் கேளாத தங்கச்சியின் குரல் வந்தது. கரகரத்து, உடைந்து, பிறகு நிற்காமல். மச்சான் கதவில் காதை வைக்கக் குனிந்தார். அவருடைய கையைப் பிடித்தேன். சொல்லுகள் விளங்கத் தொடங்குவதற்கு முதல், அவரையும் கூட்டிக்கொண்டு, அவள் குரல் கேட்காத தூரத்துக்கு நடந்து போனேன்.